அறுவை நிபுணர் பயிற்சி: ஒரே மையமா, சுழற்சியா, சுவரில்லாக் கல்லூரியா?

சிறப்பு அறுவைப் பயிற்சி நடக்கும் ஊர்களை வரைபடத்தில் குறித்தால், பெரும்பாலான நாடுகளில் நாலைந்து பெருநகரங்களில் மை அப்பிக் கிடக்கும். மற்ற இடமெல்லாம் வெள்ளை. அந்த இடங்களிலும் பயிற்சி சீட் திறந்தால் போதும் என்று உடனே தோன்றும். அது பாதிதான் சரி. சீட்டை ஓர் உத்தரவில் உருவாக்கலாம், கேஸை உருவாக்க முடியாது.

உணவுக்குழாய் இடையில் அறுபட்டுப் பிறக்கும் குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். சுமார் 3,500 பிறப்புக்கு ஒன்று. ஆண்டுக்கு 35,000 பிரசவம் நடக்கும் வட்டாரத்துக்கு ஒரே மையம் இருந்தால் 10 கேஸ் வரும். கடைசி ஆண்டில் இரண்டு பேர் பயிற்சியில் இருந்தால் ஆளுக்கு 5. அதையே இரண்டு மையமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சீட் வைத்தாலும் ஆளுக்கு அதே 5தான். காகிதத்தில் நஷ்டமே தெரியாது. ஆபரேஷன் தியேட்டரில் தெரியும். ஐந்து வாரத்துக்கு ஒரு கேஸ் பார்த்த மயக்க மருந்துக் குழு இனி பத்து வாரத்துக்கு ஒன்றுதான் பார்க்கும். இந்தக் குழந்தைகளில் பெரும்பாலானவர்களுக்கு உணவுக்குழாயின் கீழ்த்துண்டு ஓர் ஓட்டை வழியாக மூச்சுக்குழாயோடு இணைந்திருக்கும். அந்த ஓட்டையைக் கட்டும் வரை வென்டிலேட்டர் காற்று வயிற்றுக்குள் போகாதபடி மூச்சு டியூபின் நுனியை எங்கே நிறுத்துவது என்பது கைப்பழக்கம். இடைவெளி நீண்டால் மங்கிவிடும். பச்சிளங்குழந்தை ஐசியூ நர்சுகளுக்கும் இதே கதைதான்.

அரிய அறுவைகளில் ஒரே மையம் என்ற ஏற்பாடு ஜெயிப்பது இதனால்தான். பிறவி இதயக் கோளாறு அறுவைக்கு இங்கிலாந்து வகுத்த தரநிலை, ஒரு சர்ஜனுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 125 கேஸ், மையத்துக்கு 4 சர்ஜன்கள் என்கிறது. அப்படியானால் 500 கேஸ் வராத ஊரில் மையமே கூடாது.

ஆனால் ஹெர்னியா, பித்தப்பை, குடல் அடைப்பு, எலும்பு முறிவுக்கும் அதே தர்க்கத்தை நீட்டுவது தவறு. இவை எல்லா ஊரிலும் நடப்பவை. பெரிய மையத்தில் மேற்பயிற்சி பெறும் ஃபெலோக்கள் வரிசையில் நிற்க, பயிற்சியிலுள்ள ஜூனியர் ரெசிடெண்டுக்கு மிஞ்சுவது, வெட்டிய இடத்தை விரித்துவைக்கும் ரிட்ராக்டரைப் பிடிக்கும் வேலை. அமெரிக்காவில் பொது அறுவைப் பயிற்சியை முடிக்க 5 ஆண்டில் 850 கேஸ், அதில் இறுதி ஆண்டில் மட்டும் 200 என்று குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டு. எண்ணிக்கை நிறைந்தாலும் இன்னொரு குறை இருக்கும்: நள்ளிரவிலும் சிடி ஸ்கேன், பக்கத்திலேயே ரத்த வங்கி என்று பழகியவர், இரண்டும் இல்லாத இடத்தில் திணறுவார்.

அமெரிக்க வரைபடம் இப்படி உறைந்ததற்குப் பணமும் காரணம். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் நிதி பெறும் ரெசிடென்சி (சிறப்புப் பயிற்சி) இடங்களுக்கு 1997 சட்டம் உச்சவரம்பு போட்டது. அப்போது பயிற்சி தந்த மருத்துவமனைகளுக்கு 1996 நிலவரமே அளவுகோல். அன்று வடகிழக்கில் குவிந்திருந்தது இன்றும் பெரும்பாலும் அங்கேதான். பிறகு 1,000 இடங்கள் சேர்த்தார்கள், அதுவும் ஆண்டுக்கு 200-க்கு மேல் போகாமல். எல்லாத் துறைகளையும் சேர்த்துப் பார்த்தால், ரெசிடென்சி முடித்த மாநிலத்திலேயே பாதிக்கும் மேற்பட்டோர் தங்கிவிடுகிறார்கள். ஆக, சீட் நிற்கும் இடத்தில்தான் சர்ஜனும் நிற்பார்.

சுழற்சி முறை, ஒரே மையத்துக்கும் ஊர்தோறும் பயிற்சிக்கும் நடுவில் வருகிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒரே ராயல் கல்லூரி 9 அறுவைத் துறைகளுக்குப் பயிற்சி தருகிறது. பயிற்சியாளர் மருத்துவமனை விட்டு மருத்துவமனை மாறுவார். கெட்டுப்போவது பெரும்பாலும் கால அளவில். மூன்று மாத ரொட்டேஷன் வீண். முதல் மாதம் கருவி செட்டும் கணினிக் கடவுச்சொல்லும் பழகவே போகும், இரண்டாவது மாதம் மூத்த சர்ஜனான கன்சல்டன்ட்டின் நம்பிக்கையைப் பெற. கத்தி கைக்கு வரும்போது மூட்டை கட்ட வேண்டும். ஆறு மாதமாவது வேண்டும், ஓர் ஆண்டு நல்லது. முதல் ஆண்டில் அனுப்பினால் எடுபிடி. இறுதி ஆண்டில் அனுப்பினால் கடினமான கேஸ்கள் தவறிப்போகும். நடுவில், சின்ன கேஸைத் தானே முடிக்கும் நிலையில் அனுப்புவதே சரி. போன இடத்தில் கேஷுவாலிட்டி ஆள் பற்றாக்குறையை நிரப்பத்தான் அழைத்தார்களா என்பதை, பயிற்சியாளர் தன் கேஸ்களைக் குறிக்கும் லாக்புக் காட்டிவிடும்: ‘உதவினேன்’ பத்தி மட்டும் நீண்டால் அது பயிற்சி இல்லை.

மூன்றாவது வழி 1999-இல் தொடங்கிய கோசெக்சா: கிழக்கு, மத்திய, தென் ஆப்பிரிக்கப் பகுதி நாடுகளின் சர்ஜன் கல்லூரி. கட்டடமாக ஒரு கல்லூரி இல்லை. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையே வகுப்பறை. இரண்டு ஆண்டு அடிப்படை, பொது அறுவைக்கு மேலும் மூன்று, முடிவில் எல்லா நாட்டுக்கும் பொதுத் தேர்வு. முடித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆப்பிரிக்காவிலேயே இருப்பதாக ஓர் ஆய்வு கண்டது. ஆட்களைத் தக்கவைப்பதில் இதை மிஞ்சுவது கடினம். பலவீனம், ஒற்றை ஆசிரியர். அவர் ஊர் மாறினால் அந்த மருத்துவமனையில் பயிற்சி நின்றுவிடும். இரண்டு மேற்பார்வையாளர் இல்லாத இடத்துக்குச் சீட் கொடுக்காமலிருப்பது நல்லது.

என் கணக்கில், குழந்தை இதயம், உறுப்பு மாற்று போன்றவற்றுக்கு ஒரே மையம். பொது அறுவைக்கும் எலும்புக்கும் பயிற்சியின் நடுப்பகுதியில் 12 மாதம் வெளி மருத்துவமனை. ஆனால் அந்த 12 மாதச் சம்பளம் எந்த மருத்துவமனை கணக்கில் விழும் என்பதை முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆளை அனுப்பும் மையம், டியூட்டி ரோஸ்டரைக் காட்டி இரண்டே மாதத்தில் திரும்ப அழைத்துக்கொள்ளும்.