மறுப்புக் கடிதத்தோடு போன ரைப்பிங் கடை

மட்டக்களப்பு மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன போட்டோக் கொப்பிக் கடை. பெயர்ப்பலகை காற்றுக்கு விழுந்து இன்னும் மாட்டவில்லை, அதனால் பெயர் கேட்காதீங்க.

மாமா அமெரிக்க இராணுவத்தில் இருந்தவர், இப்போது கல்லடியில் இருக்கிறார். முதுகுக் காயம் சேவையில் வந்தது என்று ஏற்றுக்கொண்ட அமெரிக்க முன்னாள் படைவீரர் திணைக்களம் (VA), அதிலிருந்து இடது காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்குக் கேட்ட இழப்பீட்டை மறுத்துவிட்டது. மனிசன் கோபத்தில் நாலு பக்கம் எழுதி, "இதை ரைப் பண்ணித் தா மகள்" என்று நீட்டினார். கடைப் பிள்ளை அதைத் தொடவே இல்லை. "அவங்க அனுப்பின கடிதம் எங்க அங்கிள்?"

அதைக் கடைசிப் பக்கம் வரை வாசித்தது. வலி பொய் என்று எங்கேயும் எழுதவில்லையாம், முதுகையும் காலையும் தொடர்புபடுத்தும் வைத்தியர் கருத்து இல்லை, அவ்வளவுதான். மாமாவின் நாலு பக்கமும் வீண்.

2019 பெப்ரவரியிலிருந்து அங்கே மேன்முறையீட்டுக்கு மூன்று வழி. மூத்த அதிகாரி மீளாய்வு கேட்கலாம், ஆனால் அதில் புது ஆதாரம் சேர்க்க முடியாது. மேன்முறையீட்டுச் சபைக்குப் போகலாம். இல்லையென்றால் புது ஆதாரத்தோடு துணைக் கோரிக்கை, நாங்கள் எடுத்தது அந்த வழிதான். கடிதத் திகதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டால், பணம் கணக்கிடத் தொடங்கும் பழைய கோரிக்கையின் திகதி கைவிட்டுப் போகாது. மறுகா நரம்பு வைத்தியரிடம் போய், பழைய மருத்துவக் கோப்பைக் காட்டி, முதுகுக் காயத்தால் இந்த வலி வந்திருக்கப் பாதிக்குப் பாதியாவது வாய்ப்பு உண்டு என்று காரணத்தோடு கடிதம் எடுத்தோம். அந்த அளவே அவர்களுக்குப் போதும், நூறு வீதம் நிச்சயம் தேவையில்லை.

கடை காசுக்குப் பெறுமதி என்று நான் சொல்வது மாமியின் வாக்குமூலத்துக்காக. மாமி "கால் வலியால கஷ்டப்படுறார்" என்று தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுத்தா. அந்தப் பிள்ளை விடவில்லை, எந்த விரல், எத்தனை மணிக்கு, என்ன செய்யும்போது என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் மாமிக்கே ஞாபகம் வந்தது: சந்தையில் இடது செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் மாமா மீன் வாளிகள் வரை வெறுங்காலோடு நடந்து போனது. அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டாள். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் அந்தப் பெரிய நரம்புக்கு 10, 20, 40, 60, 80 வீதம் என்று இயலாமைப் படி இருக்கிறது, இந்த மாதிரி விவரம் இல்லாமல் எந்தப் படி என்று யார் சொல்வது? மாமாவுக்கு 20 வீதம் கிடைத்தது.

குறையும் உண்டு. ஸ்கேன் சரிவாக விழுந்து இரண்டு தரம் எடுக்க வேண்டி வந்தது. கரண்ட் போனதில் ஒரு பின்னேரம் முழுக்க நின்றோம். அதைவிட, நோய் விவரத்தைப் பிள்ளை சத்தமாக வாசிக்கிறாள், வரிசையில் நின்ற ஒருவர் மாமாவுக்கு எண்ணெய் வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார். வேலை முடிந்ததும் கோப்பைக் கொம்பியூட்டரிலிருந்து அழிக்கச் சொல்லுங்க, தானாக அழிக்க மாட்டாள்.

பக்கத்துக்கு 150 ரூபா வாங்கினார்கள், மொழிபெயர்ப்புக்கு வேறாக. போகிறவர்கள் கடிதத்தின் எல்லாப் பக்கத்தையும் கொண்டு போங்க, முதல் பக்கத்தோடு போனால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவாள்.