மனைப் பத்திரத்தை யாரிடம் காட்டுவது: பத்திர எழுத்தர், வங்கி வழக்கறிஞர், சொந்த வழக்கறிஞர்

செங்கல்பட்டு மாவட்டத்தில் என் மைத்துனர் ஒரு மனை வாங்க முடிவு செய்தபோது, ஒரே கட்டு நகல்களை மூன்று பேர் பார்த்தார்கள். முதலாமவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டிருக்கும் பத்திர எழுத்தர். அடுத்தவர் கடன் தரவிருந்த வங்கியின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர். மூன்றாமவர் நாங்களே கட்டணம் கொடுத்து அமர்த்திய வழக்கறிஞர். முதல் இருவரும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பத்திர எழுத்தர் தமக்குள் கேட்டுக்கொண்டது இந்தப் பத்திரம் பதிவாகுமா என்பது. வங்கி வழக்கறிஞர் கேட்டுக்கொண்டது இதை அடமானமாக ஏற்கலாமா என்பது. இந்த மனை நாளை வாங்குபவர் கையில் நிலைக்குமா என்று அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை.

பத்திர எழுத்தரைக் குறைத்து மதிப்பிடும் வழக்கம் படித்தவர்களிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பதிவுத்துறையின் உரிமம் பெற்ற இவர்களுக்கு வழிகாட்டி மதிப்பும் அந்தந்த அலுவலகத்தின் நடைமுறையும் அத்துபடி. எங்கள் வரைவைத் தட்டச்சு செய்தவர் ஒரு வழக்கறிஞரின் இளநிலை உதவியாளர். பழைய பத்திரத்தில் "20 அடி ரோட்டுக்குத் தெற்கு" என்றிருந்ததை அவர் "தெற்கில் 20 அடி ரோடு" என்று மாற்றி எழுதியிருந்தார். பழைய நடைக்கு, ரோடு வடக்கில் இருக்கிறது, மனை அதற்குத் தெற்கே இருக்கிறது என்று பொருள். புதிய நடையில் ரோடு மனையின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நான்கு எல்லைகளையும் சொல்லும் செக்குபந்தியை வாய்விட்டு வாசித்த பத்திர எழுத்தர்தான் இதைப் பிடித்தார். பதிவான பின் தெரிந்திருந்தால், பிழைத்திருத்தல் பத்திரத்துக்காக விற்றவரை மறுபடி தேடிப் போயிருக்க வேண்டும்.

ஆனால் உரிமை மூலத்தை, அதாவது சொத்து யாரிடமிருந்து யாருக்கு எப்படி வந்தது என்பதை, ஆராய்வது அவர் வேலை அல்ல. பதிவு ஆகிவிட்டது என்பதாலேயே உரிமை வந்துவிடுவதும் இல்லை. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆவணத்தைத்தான் பதிவு செய்கிறது. விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்மானிக்கும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என்று, தமிழ்நாட்டுப் பதிவு விதி ஒன்றை ரத்து செய்த 2025 ஏப்ரல் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் கூறியிருக்கிறது.

வங்கி வழக்கறிஞரின் கருத்துரை கிளை மேலாளரை விளித்து எழுதப்படுவது. கட்டணம் நம் கணக்கிலிருந்து போனாலும் கட்சிக்காரர் வங்கிதான். இதில் ஒரு பெரிய நன்மை உண்டு: விற்பவரின் தரகர் அவரை எளிதில் வளைக்க முடியாது. வங்கி ஒரு சொத்தை மறுத்தால், வேறு வங்கி தேடுவதைவிட வேறு மனை தேடுவதே பெரும்பாலும் நல்லது. குறை என்னவென்றால், முன்பணம் கொடுத்த பிறகுதான் அந்தக் கருத்து வருகிறது, அதன் நகல் பலருக்குக் கிடைப்பதுமில்லை. கிடைத்தால் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். உரிமை தெளிவானது என்ற வாக்கியத்துக்கு முன்னால் "அசல் ஆவணங்களை ஒப்புநோக்குவதற்கு உட்பட்டு" என்பது போன்ற ஒரு நிபந்தனை இருக்கும். அறிக்கையின் எடை அங்கேதான் தொங்குகிறது.

சொந்த வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணம் எங்கே உழைக்கிறது என்பதை எங்கள் கட்டிலிருந்தே சொல்கிறேன். 1994ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தில், இறந்துபோன தந்தையின் நிலத்தை இரண்டு மகன்கள் விற்றிருந்தார்கள். வங்கி வழக்கறிஞரின் அறிக்கையில் அந்தப் பத்திரம் வரிசை எண்ணோடு இருந்தது. கேள்வி ஏதும் இல்லை. எங்கள் வழக்கறிஞரோ வாரிசுச் சான்று எங்கே என்றார். வந்த சான்றில் ஒரு மகளும் இருந்தார். தந்தை தாமே சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் விட்டுப் போனால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. அந்த அம்மாளைத் தேடிப் பிடித்து, பழைய விற்பனைக்கு அவர் சம்மதித்துப் பதிவு செய்த ஆவணத்தை விற்பவர் வாங்கிக் கொடுக்க ஆறு வாரம் ஆயிற்று.

இந்த மகள் எந்த வில்லங்கச் சான்றிலும் தெரிந்திருக்க மாட்டார். வில்லங்கச் சான்று என்பது பதிவானவற்றின் பட்டியல் மட்டுமே. தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தம், அசையாச் சொத்து தொடர்பான பொது அதிகாரப் பத்திரம், உரிமை ஆவணங்களை ஒப்படைத்துப் பெறும் கடனுக்கான ஒப்பந்தம் ஆகியவை கட்டாயப் பதிவுக்குள் வந்தது 2012 டிசம்பர் 1 முதல்தான். அதற்கு முன் பதிவு செய்யாமல் அசலை அடகு வைத்திருந்தால் சான்று வெறுமையாகவே இருக்கும். பதிவு செய்யாத உயிலும் அப்படியே. சென்னையையொட்டிய பெரிய நிலமாக இருந்தால், 1999இல் ரத்தான நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தின்படி அரசு ஏற்கெனவே எடுத்துக்கொண்டதா என்றும் பார்க்க வேண்டும். இவற்றைக் கேட்காமல் ஆவணங்களை வரிசையாக எழுதி முத்திரை குத்தித் தரும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். அந்த அறிக்கைக்கு வங்கியின் அறிக்கையே போதும்.

நிலப் பயன்பாட்டில் மூவருமே வலுக் குறைந்தவர்கள். உரிமை பழுதில்லாத மனையிலும் நினைத்ததைக் கட்ட முடியாமல் போகலாம். சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு, 2008இல் நடைமுறைக்கு வந்த இரண்டாவது முழுமைத் திட்டம் ஒவ்வொரு சர்வே எண்ணையும் குடியிருப்பு, வணிகம், தொழில், விவசாயம் என வகைப்படுத்தியிருக்கிறது. செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கும் பள்ளிக்கரணைக்கும் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி விற்கப்பட்ட மனைகளுக்கு ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மனைப்பிரிவு அங்கீகாரம் ஆகாது. 2016 அக்டோபர் 20க்குள் மனையாகப் பதிவானவற்றுக்குத்தான் 2017ஆம் ஆண்டு வரன்முறை விதிகள் வழி திறந்தன. ஆகவே சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தின் எண்ணை வாங்கி, விளம்பரத் துண்டில் உள்ள படத்தோடு அல்லாமல் அலுவலகத்தில் உள்ள படத்தோடு ஒப்பிட வேண்டும். பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் மனையாக மாறியிருப்பது அங்கேதான் தெரியும். இதற்கு வழக்கறிஞரைவிட, உரிமம் பெற்ற சர்வேயரோ கட்டட வரைபடம் போடும் பொறியாளரோ கூடுதலாகப் பயன்படுவார்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் கணக்குச் சற்று மாறுகிறது. 500 சதுர மீட்டரையோ எட்டு வீடுகளையோ தாண்டும் திட்டம், கட்டுமானத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ரேரா ஆணையத்தில் பதிவாக வேண்டும். உரிமையில் குறை வெளிப்பட்டால் கட்டுநர் இழப்பீடு தர வேண்டும், அதைக் கோரக் காலவரம்பும் இல்லை. அதனால் அங்கே வங்கியின் ஒப்புதலும் ரேரா பதிவும் இருந்தால் சொந்த வழக்கறிஞர் பிரிபடாப் பாகத்தையும் (மொத்த நிலத்தில் அந்த வீட்டுக்கு உரிய பங்கு) ஒப்பந்த வாசகத்தையும் மட்டும் பார்த்தாலே பெரும்பாலும் போதும். கட்டுநர் நீட்டும் சட்டக் கருத்து விற்பவர் பணம் கொடுத்து வாங்கியது. ஆவணப் பட்டியலாக மட்டும் அதைப் பயன்படுத்தலாம். வழக்கறிஞர்களைப் பிடித்துத் தரும் இணையதளங்களை நான் ஒதுக்கிவிட்டேன். வழக்குரைஞர் சேவையை விளம்பரப்படுத்தும் தளங்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

செலவைப் பொறுத்தவரை, 50 லட்சம் ரூபாய் மனைக்கு 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமுமாக நாலரை லட்சம் கட்டுபவர், வழக்கறிஞரின் சில ஆயிரத்தில் பேரம் பேசுகிறார். கருத்து தவறாகிவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்கும் போக முடியாது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதத்தில் சொல்லிவிட்டது. எனவே பாதுகாப்பை முன்பே, ஒப்பந்தத்திலேயே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எங்கள் வழக்கறிஞர் முன்பணத்துக்கான ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்: வாங்குபவரின் வழக்கறிஞர் உரிமை மூலத்தில் குறை கண்டு, அது 60 நாளில் தீராவிட்டால், முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும். தரகர் முகம் சுளித்தார். விற்பவர் ஒரு நாள் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த மகளைத் தேடி அவர் ஊர் ஊராக அலைந்தது அந்த வரியினால்தான்.