துளை போடுவதா, குடைந்து போவதா? சின்ன தங்க நரம்புக்கு எது சரி

கோலாலம்பூரில் நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்து பகாங் மாநிலப் பக்கம் ஒரு சின்ன தங்க நிலத்தில் காசு போடலாமா என்று பேசினால், கடைசியில் வந்து நிற்கும் கேள்வி இதுதான்.

வைர முனைத் துளை போட்டால் நரம்பு, அதாவது பாறைக்குள் பட்டையாக ஓடும் தங்கம் கலந்த கல், எவ்வளவு ஆழம் போகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே அறுந்துபோகிறது என்பது சீக்கிரம் தெரியும். ஆனால் தரம், அதாவது ஒரு டன் கல்லில் எத்தனை கிராம் தங்கம்? வெளியே வரும் கற்தண்டின் விட்டம் பெரும்பாலும் 48 மில்லிமீட்டர் அளவுதான். அதை அரைத்து ஆய்வுக்கூடத்தில் உருக்கிப் பார்ப்பதோ 30 அல்லது 50 கிராம் தூள். குவார்ட்ஸ் என்ற வெள்ளைக் கல் நரம்பில் தங்கம் பொட்டுப் பொட்டாகக் கிடப்பதால் ஒரு துளையில் டன்னுக்கு 40 கிராம் காட்டும், பக்கத்துத் துளையில் ஒன்றுமே இருக்காது, இரண்டையும் அப்படியே நம்பிவிட முடியாது.

நரம்போடு சுரங்கம் குடைந்து போனால் டன் கணக்கில் கல்லெடுத்து அரைத்துப் பார்க்கலாம். முழ அகலம் இருந்த வெள்ளைக் கல் நாலு எட்டில் விரலளவாகச் சுருங்குவதையும் நேரிலேயே பார்த்துவிடலாம். செலவு கடுமை. நம்ம மழைக்கு மேல்பாறை உளுத்து மண்ணாகியிருக்கும், முட்டுக்கொடுத்து, தண்ணீர் இறைத்துத்தான் நகர முடியும்; மாநில அரசின் உரிமம் இல்லாமல் மண்வெட்டியே வைக்கக் கூடாது.

நானாக இருந்தால் முதலில் பள்ளம் வெட்டி நரம்பைத் திறந்து பார்ப்பேன், அப்புறம் அது தொடர்கிறதா என்று பார்க்க மட்டும் சில துளைகள். தரத்தைக் குடைந்தெடுத்த கல்தான் சொல்ல வேண்டும். துளைக் கணக்கை மட்டும் காட்டிப் பங்கு கேட்பவரிடம் தயவுசெய்து சேமிப்பைக் கொடுக்காதீர்கள்.