கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கரோடு 2 வருஷம்

நாள் முழுக்கப் போன் பேசும் வேலை எனக்கு. சாயங்காலமானால் தலைவலி வந்துவிடும். அதனால்தான் செல்போனின் முதுகில் ஒட்டும் கதிர்வீச்சுத் தடுப்பு ஸ்டிக்கரை வாங்கினேன். முதல் மாதம் வலி குறைந்த மாதிரியே இருந்தது. அந்த நம்பிக்கையில் அம்மாவுக்கும் அதே வகையில் ஒரு டாலர் வாங்கிக் கழுத்தில் போட்டுவிட்டேன்.

பெட்டியில் இருந்த துண்டறிக்கையை மறுபடி படித்தபோதுதான் சந்தேகம் வந்தது. அலையைத் தடுக்காதாம், உடலுக்கு இதமாக மாற்றுமாம், சிக்னலும் குறையாதாம். போன் டவரோடு பேசுவதே அந்த அலையில்தான். அலை மாறினால் டவருக்குப் புரியாது. பலம் குறைந்தால் போன் அதை ஈடுகட்டக் கூடுதல் சக்தியோடு அனுப்பும். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இதைச் சொல்லியே எச்சரிக்கிறது. எதுவுமே மாறவில்லை என்றால் ஸ்டிக்கருக்கு அங்கே என்ன வேலை?

ஆதாரம் என்று இருந்தவை 2 வெப்பப் படங்கள். ஸ்டிக்கர் இல்லாமல் பேசிய முகம் சிவப்பு, ஸ்டிக்கரோடு பேசிய முகம் நீலம். பேட்டரிச் சூடும், காதோடு அழுத்திய போனும் தோலைச் சூடாக்கத்தான் செய்யும். அந்தப் படம் ரேடியோ அலையை அளக்கவே இல்லை. உடல் எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறது என்று சொல்லும் அளவு 'சார்'. கிலோவுக்கு இத்தனை வாட் என்று கணக்கு. அமெரிக்காவில் வரம்பு 1.6, ஐரோப்பாவில் 2. அறிக்கையில் ஒரு சார் எண்கூட இல்லை.

சரி, நானே பார்த்துவிடலாம் என்று போனை ஒரே இடத்தில் வைத்து சிக்னல் அளவைக் குறித்தேன். ஸ்டிக்கரோடு மைனஸ் 86 முதல் மைனஸ் 89 டிபிஎம் (சிக்னல் பலத்தை அளக்கும் அலகு). எடுத்த பிறகும் அதே ஆட்டம்.

அப்புறம் தலைவலி. தம்பி தினமும் காலையில் காசைச் சுண்டி, போன் கவருக்குள் ஸ்டிக்கரையோ அதே அளவு காகிதத்தையோ வைத்து டேப் போட்டுத் தருவான். எது உள்ளே என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். 28 நாள். ஸ்டிக்கர் இருந்த 15 நாளில் 6 தடவை வலி. காகிதம் இருந்த 13 நாளில் 5 தடவை. ஒரு ஆளின் சோதனையை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் முதல் மாதம் எனக்குக் கிடைத்த நிம்மதி ஸ்டிக்கர் தந்ததில்லை என்று புரிந்துவிட்டது.

பயப்படுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் ரேடியோ அலைகளை 2பி பிரிவில், அதாவது 'புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை' என்ற வரிசையில் வைத்தது உண்மைதான். விற்பவர்கள் இதைத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். ஆனால் அது ஆதாரம் எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்லும் வரிசை, ஆபத்தின் அளவை அல்ல. குறைத்துக்கொள்ள நினைத்தால் ஸ்பீக்கரில் பேசுங்கள், ஒயர் ஹெட்செட் போடுங்கள். போன் தள்ளிப்போகப் போக உடலில் படுவது மளமளவென்று குறையும்.

அம்மாவின் டாலர்தான் என்னை உலுக்கியது. 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணு பாதுகாப்பு ஆணையம் இதே ரகத்தில் 10 பொருள்களைச் சோதித்து, அவை கதிரியக்கம் உள்ளவை, அணியாதீர்கள் என்று எச்சரித்தது. பட்டியலில் டாலர்களும் இருந்தன. போனிலிருந்து வருவது அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கும் சக்தி இல்லாத அலை. அந்த டாலர்களிலிருந்து வந்ததோ அப்படிப் பிரிக்கும் சக்தி உள்ள அயனியாக்கும் கதிர். படித்த அன்றே அம்மாவின் கழுத்திலிருந்து கழற்றி, டப்பாவில் போட்டு மூடி, வீட்டுக்கு வெளியே வைத்தேன். எதனால் செய்தது என்று விற்றவர்களுக்கு 3 முறை எழுதிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.