கஞ்சா ரகங்களைக் காப்பாற்றுவது எது: விதைக் கிடங்கா, தாய்ச்செடியா, வயலா?

மூன்றில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் நான் விதை வங்கிக்குத்தான் கொடுப்பேன், ஆனால் புதுக் குளிர்பெட்டி வாங்க இல்லை, பழைய விதையைத் திரும்ப விதைத்து எடுக்க.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் (பழைய பெயர் லெனின்கிராட்) உள்ள விதை வங்கியான வாவிலோவ் நிறுவனத்தையே பாருங்கள். இரண்டாம் உலகப்போரின் லெனின்கிராட் முற்றுகையில் ஊழியர்கள் பட்டினியால் செத்தார்களே தவிர விதையில் கை வைக்கவில்லை. அப்படிக் காத்த இடத்தில், ஹெம்ப் சேகரம் (நாருக்காக வளர்க்கும், போதை குறைந்த கஞ்சா வகை) 1990-களில் பணமில்லாமல் தத்தளித்தது. விதைக்கு வயதாக ஆக முளைப்புத்திறன் இறங்கிக்கொண்டே போகும், குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை விதைத்துப் புது விதை எடுத்தே ஆக வேண்டும். நெல் மாதிரி இது சுலபமில்லை. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு, மகரந்தம் காற்றிலேயே கிலோமீட்டர் கணக்கில் போகும். பக்கத்தில் இன்னொரு ரகம் பூத்தால் முடிந்தது கதை. நாலைந்து செடியில் மட்டும் விதை எடுத்தாலும் அந்த ரகத்தின் பன்முகம் சுருங்கிவிடும். போதாக்குறைக்கு வளர்க்க உரிமம் வேறு வாங்க வேண்டும்.

குளோனில் இந்தத் தொல்லை கிடையாது. தாய்ச்செடியில் கொம்பு ஒடித்து வேர் பிடிக்க வைத்தால் அச்சு அசல் அதே செடி. ஆனால் காப்பாற்றுவது ஒரே ஒரு செடியை, ரகத்தை அல்ல. ஹாப் லேட்டன்ட் வைராய்டு (வைரஸை விடச் சிறிய நோய்க்கிருமி) தொற்றிய தாய்ச்செடி என்றால் நோயும் கூடவே பரவும். வளர்நுனியிலிருந்து திசு வளர்ப்பு செய்தால் பெரும்பாலும் சுத்தம் செய்யலாம், செலவு தாங்கினால்.

1980-களில் ஆம்ஸ்டர்டாமில் கிளம்பிய வணிக விதை விற்பனையாளர்களும் நிறையக் காப்பாற்றினார்கள் என்பார்கள். சரி, ஆனால் கலந்து காப்பாற்றினார்கள். ஸ்கங்க் நம்பர் 1 என்ற பிரபலக் கலப்பினத்தில் ஆப்கன், மெக்சிகோ, கொலம்பியா மூன்றும் உண்டு; அதிலிருந்து பழைய ஆப்கனைத் தனியே பிரித்தெடுக்க முடியாது.

வயலில் விட்டுவைப்பதுதான் இயற்கை என்பவர்களுக்கு மொராக்கோவின் ரிஃப் மலைதான் பதில். அங்கே வறட்சி தாங்கும் நாட்டு ரகம் பெல்தியா. பிசின் அதிகம் தரும், தண்ணீரும் அதிகம் குடிக்கும் வெளிநாட்டுக் கலப்பினங்கள் வந்ததும் விவசாயி எதை விதைப்பார்? விலை கிடைப்பதைத்தான். அவரைக் குறை சொல்ல முடியாது.

அமெரிக்கா இன்னும் விசித்திரம். லிஸ்டர் டியூவி என்ற அரசு தாவரவியலாளர் உருவாக்கிய கிமிங்டன் போன்ற ஹெம்ப் ரகங்கள் தொலைந்தே போயின. அவர் சோதனை செய்த ஆர்லிங்டன் பண்ணை நிலமும் 1940-களில் ராணுவத்தின் கைக்குப் போனது. பழைய சாகுபடியிலிருந்து தப்பியவை வாய்க்கால் ஓரம் களையாக முளைத்தன, அவற்றையும் போதைத் தடுப்புத் துறை பல வருஷம் பணம் செலவழித்துப் பிடுங்கியது. இப்போது அதே களையின் விதையைத் தேடித் திரட்டுகிறார்கள் ஆராய்ச்சியாளர்கள், நியூயார்க் மாநிலத்து ஜெனீவாவில் அதே அரசின் வேளாண் துறை ஹெம்ப் விதைச் சேகரமும் நடத்துகிறது.