பனிக்காலத்தில் தேனீப் பெட்டி மேல்மலையிலா, கீழ்மலையிலா?

கொடைக்கானல் பக்கம் கார்த்திகை மழை ஓய்ந்து, மேல்மலையில் மன்னவனூர்ப் புல்லில் உறைபனி படியத் தொடங்கியதும் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரே கேள்விதான். மேல்மலையிலேயே வைத்துச் சர்க்கரைப் பாகு கொடுப்பதா, கீழ்மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு இறக்கிவிடுவதா?

இறக்கினால் வெயில் கிடைக்கும். பத்து டிகிரிக்குக் கீழே தேனீ வெளியே வராது; மார்கழியில் மேல்மலைப் பெட்டி வாசலில் காலையில் வெகுநேரம் நடமாட்டமே இருக்காது. கீழ்மலையில் சீக்கிரமே பறக்கும், மலைவாழையும் வருஷம் முழுக்கப் பூ விடும். ஆனால் பெட்டியில் நாம் வளர்க்கும் நாட்டு இனமான அடுக்குத் தேனீ ரோஷக்காரி. அலைக்கழித்தால், பசித்தால் கூட்டைவிட்டே போய்விடும். நான் ஒருமுறை நான்கு பெட்டிகளை இறக்கினேன். அடை, அதாவது மெழுகுக் கூடு, கட்டியிருக்கும் சட்டங்களை வண்டி போகும் திசைக்குக் குறுக்காக வைத்துவிட்டேன். வளைவுகளில் அடை ஆடி அறுந்து, மூன்றாம் நாள் ஒரு பெட்டி காலி. இன்றும் மனது ஆறவில்லை.

அதனால் நான்கைந்து பெட்டி வைத்திருப்பவர்களுக்கு மேல்மலைதான் சரி என்பேன். குளிரைவிட ஈரமும் பசியும்தான் தேனீக் குடும்பத்தைக் கொல்கின்றன. தேனீக்கள் நெருங்கி உட்கார்ந்து, தேனைத் தின்று, இறக்கைத் தசையை அதிரவைத்துப் புழு இருக்கும் இடத்தை 33 முதல் 36 டிகிரிக்குள் காக்கின்றன. அந்த அடுப்புக்கு விறகு தேன். மழைக்கு முன்பே தேனறையை வழித்து எடுத்துவிட்டு, பனியில் செத்துப்போச்சே என்று வருந்துவது நியாயமில்லை.

தேனீ மூடாத அடைகளை எடுத்துவிட்டு, தடுப்புப் பலகை போட்டு இடத்தைச் சுருக்குங்கள். 1911ஐ ஒட்டி நியூட்டன் பாதிரியார் வடிவமைத்த பெட்டி சின்னது. அடுக்குத் தேனீக்கு அளவெடுத்தது போல இருக்கும். வாசல் பக்கம் லேசாகச் சாய்த்து வைத்தால் உள்ளே கோக்கும் நீர் வழிந்துவிடும். பாகுக்கு ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு சர்க்கரை. தண்ணியாகக் கொடுத்தால் அதை வற்றவைக்கவே சூடு வீணாகும். சிரட்டையில் ஊற்றி, மூழ்காமலிருக்கக் குச்சி போட்டு, சாயங்காலம் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். வெளியே வைத்தால் அடுத்த பெட்டிக்காரிகள் கொள்ளையடிக்க வந்துவிடுவார்கள்.

நிறையப் பெட்டிகள் உள்ளவர்கள், ஐந்து சட்டம் நிறையத் தேனீ இருப்பதை மட்டும் இறக்கலாம். நோஞ்சானை இறக்காதீர்கள்; சண்டை வராமலிருக்கச் செய்தித்தாளை இடையில் வைத்து வேறொரு குடும்பத்தோடு சேர்த்துவிடுங்கள்.

வெளியே எடுத்த காலி அடைகளை எங்கே வைப்பது என்ற விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, மேல்மலைதான். குளிரில் அடையை அரிக்கும் மெழுகுப்பூச்சி பெருகாது. கீழ்மலையில் அதன் புழு துளைத்து அடை முழுக்க நூலாம்படையாகிவிடும். காற்றாட, எலிக்கு எட்டாமல் தொங்கவிடுங்கள். பாச்சை உருண்டை வேண்டாம், மெழுகில் வாடை ஏறிவிடும். பங்குனி, சித்திரை மழைக்குக் காப்பி பூத்ததும் இந்த அடைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால், புது அடை கட்டும் வேலை தேனீக்கு மிச்சம்.