நெல்லிக்காய் என்றார்கள், எனக்கு வந்தது கொய்யா வாசம்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 26 வருடம் தரச் சோதனைப் பிரிவில் இருந்தேன். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு ஈயம் சரியாக ஒட்டாத இடத்தைத் தேடுவதுதான் வேலை. அந்தப் பழக்கத்தில் எங்கே போனாலும் குறைதான் முதலில் கண்ணில் படும். ஜார்ஜ் டவுனில் நான் போன இந்த ஒயின் வகுப்பிலும் பட்டது. ஆனாலும் நான்கு சனிக்கிழமையும் விடாமல் போனேன்.

நாங்கள் குடிக்கிற குடும்பம் இல்லை. தோட்டத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் என்ன செய்தது என்று பார்த்து வளர்ந்தவள் நான். சம்பள நாளில் அப்பா நடந்து வரும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று அம்மா சொல்லிவிடுவார். அடிலெய்டில் வேலை செய்யும் என் மகள் வரும்போதெல்லாம் ஒரு பாட்டில் கொண்டு வருவாள். நான் அதைச் சமையலறை அலமாரிக்கு மேலே ஏற்றிவிடுவேன். போன தீபாவளிக்கு வந்தவள் மேலே வரிசையாக நின்றதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "நீ குடிக்க வேணாம்மா, தெரிஞ்சிக்கோ போதும்" என்று இந்த வகுப்புக்கு 480 வெள்ளி (ரிங்கிட்) கட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வகுப்பு நடப்பது லிட்டில் இந்தியாவிலிருந்து நடக்கிற தூரத்தில், பழைய கடை வீடு ஒன்றின் மாடியில். படி செங்குத்து. முட்டி வலி உள்ளவர்கள் யோசித்துப் போகவும். ஏர்கான் குளிர் எலும்பு வரை இறங்கும், சால்வை கட்டாயம். மொத்தம் பன்னிரண்டு நாற்காலி. சொல்லிக்கொடுத்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பினாங்குச் சீனர், பொறுமைசாலி, எல்லாரையும் விட என்னிடம்தான் அதிகம் பொறுமை காட்டினார்.

மேசைக்கு மேசை ஒரு வாளி இருந்தது. சுவைத்துவிட்டுத் துப்ப வேண்டுமாம். காசு கொடுத்ததைத் துப்புவதா என்று முதலில் கூச்சமாக இருந்தது. அப்புறம் பாட்டியின் படிக்கம் நினைவுக்கு வந்தது. வெற்றிலை போட்டுவிட்டு எவ்வளவு நேர்த்தியாகத் துப்புவார்! பரம்பரை சும்மா விடுமா, இரண்டாவது கிளாஸிலேயே எனக்குக் கைவந்துவிட்டது.

முதல் கிளாஸ் நியூசிலாந்தின் மார்ல்பரோவிலிருந்து வந்த சாவினியோன் பிளாங் என்ற வெள்ளை ஒயின். கையில் கொடுத்த தாளில் வாசங்களின் பட்டியல், அதில் முதல் பெயர் கூஸ்பெர்ரி. அகராதியில் பார்த்தால் நெல்லிக்காய் என்று போட்டிருக்கிறது. நெல்லிக்காயை எனக்குத் தெரியாதா? இது அது இல்லை. மூக்கை விட்டு இன்னொரு தரம் இழுத்தேன். அசாம் என்கிற புளிப்புப் பொடி தூவி விற்கிற கொய்யா! வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னேன். சரிதான் ஆன்ட்டி என்றார் அவர். கொய்யாவுக்கும் பேஷன் புரூட்டுக்கும் வாசம் தருகிற கந்தகச் சேர்மங்கள் இந்த ஒயினிலும் இருக்கின்றனவாம். அதற்குப் பிறகு நான் அந்தத் தாளைப் பார்க்கவே இல்லை. பிரான்சின் அல்சாஸ் வட்டாரத்து வெள்ளை ஒயின் கெவுர்ஸ்ட்ராமினரை முகர்ந்தபோது மாலைக் கடை வாசலில் நிற்பது போல இருந்தது, ரோஜாவும் கூடவே லைச்சியும். நாள்பட்ட வெள்ளை ஒயின் ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் அடுப்பு வாசம். அதைச் சொன்னபோது பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, ரீஸ்லிங் நாள்பட நாள்பட அந்த வாசம் வருவது இயல்பு என்றார்.

சிவப்பு ஒயினுக்கு வந்ததும் டானின் என்றால் என்ன என்று விளக்க அவர் படாத பாடு பட்டார். கசப்பு இல்லை, புளிப்பு இல்லை, நாக்கு காய்ந்துபோகும், ஈறு இழுக்கும் என்று கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். எனக்கும் எனக்குப் பக்கத்து நாற்காலித் தமிழ்ப் பையனுக்கும் ஒரே நேரத்தில் வாயில் வந்தது: துவர்ப்பு. பாக்கு, வாழைப்பூ, நாவல்பழம், பால் ஊற்றாத கடுந்தேநீர். அறுசுவையில் ஒன்றாக நம்மிடம் பெயரோடு இருக்கிறது, அவர்கள் அதற்கு அரை மணி நேரம் செலவழிக்கிறார்கள். திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் இருந்து வருவது அது. புரதத்தோடு சேர்ந்தால் அதன் இழுப்பு அடங்கும், அதனால்தான் கறியோடு குடிக்கிறார்கள். துவர்ப்பு என்ற சொல் கிடைத்ததும் கபெர்னே, மெர்லோ என்ற இரண்டு திராட்சை வகைகளுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் பாக்கின் அளவில் புரிந்துவிட்டது.

ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் மிளகு வாசம் என்றார். எனக்கு உடனே ஏறியது. பையன் முகம் வாடிவிட்டது. "ஆன்ட்டி, எனக்கு ஒண்ணுமே வரல." பிறகுதான் தெரிந்தது, மிளகில் உள்ள ரொட்டண்டோன் என்ற அதே பொருள்தான் ஷிராஸிலும் இருக்கிறதாம். ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-இல் அதை வெளியிட்டார்கள். ஐந்தில் ஒருவருக்கு அது மூக்குக்கு எட்டவே எட்டாது. பையன் மீது தப்பில்லை.

அன்று எனக்கு ஊற்றிய இன்னொரு கிளாஸில் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம். தொழிற்சாலையில் அந்த வாசத்தோடு 26 வருடம் இருந்தவளை ஏமாற்ற முடியுமா? சொன்னேன். அவர் முகர்ந்து பார்த்து, மன்னிப்புக் கேட்டு, பாட்டிலையே எடுத்துப் போனார். தக்கையில் வருகிற கோளாறு. கடையில் வாங்கிய பாட்டில் இப்படி இருந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுக்கலாம் என்றார்.

மூன்றாவது வாரம் பிரான்சின் போர்தோ வட்டாரத்து ஒயின்களின் 1855-ஆம் ஆண்டுத் தரவரிசையிலேயே பாதி நேரம் போய்விட்டது. சிவப்பு ஒயின் செய்யும் 61 மாளிகைகளின் கதை சுவாரசியம்தான், நூறு வெள்ளிக்குள் ஒரு பாட்டில் தேடுகிறவளுக்கு அதனால் என்ன பயன்? ஷாப்லி என்று ஊர்ப் பெயர் மட்டும் போட்டிருந்தால் உள்ளே இருப்பது ஷார்டொனே திராட்சை ஒயின் என்று அவசரமாகச் சொல்லிவிட்டுத் தாண்டினார். அதைத்தான் நீட்டியிருக்க வேண்டும்.

அதே வாரம் என் அலமாரி பாட்டில் ஒன்றைக் கொண்டுபோயிருந்தேன், மகள் மூன்று வருடம் முன்பு வாங்கிவந்த பரோசா ஷிராஸ். திறந்தார், முகர்ந்தார், பேசவில்லை. நான் குடித்துப் பார்த்தேன். நாள்பட்ட புளியைக் காய்ச்சியது போல இருந்தது, பழம் செத்துப்போயிருந்தது. ஒயினை 13 டிகிரி பக்கத்தில் படுக்கப் போட வேண்டும். என் சமையலறை பகலில் 32 டிகிரி, கீழே அடுப்பு வேறு. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி என்று எழுதியவர்கள் ஐரோப்பாவின் குளிர்ந்த வீட்டில் இருந்து எழுதினார்கள். பினாங்கில் சிவப்பையும் குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு மனசு கஷ்டப்படும்.

பெரிய குறை கடைசி வாரம். உணவோடு ஒயின் என்று தலைப்பு, தட்டில் சீஸும் பிஸ்கட்டும். சோற்றுக்குப் பேர்போன ஊரில்! நான் ஒரு டப்பாவில் ஆட்டிறைச்சிப் பிரட்டல் கொண்டுபோயிருந்தேன், கேட்டுவிட்டுத் திறந்தேன். 14.5 சதவீத ஷிராஸோடு சாப்பிட்டால் உறைப்பு இரண்டு மடங்காகித் தொண்டை எரிந்தது. சாராயச் சத்து ஏற ஏற மிளகாய் எரிச்சலும் ஏறுமாம். ஜெர்மனியின் மோசெல் ரீஸ்லிங், லேபிளில் கபினெட் என்று போட்டது, எட்டு சதவீதம்தான், லேசான இனிப்பு, நல்ல புளிப்பு. பிரட்டலுக்கு அது பானகம் போல இறங்கியது. டப்பா ஐந்து நிமிடத்தில் காலி. சொல்லிக்கொடுத்தவரே விரலைச் சூப்பினார்.

முடிந்ததும் ஆறு பாட்டில் பெட்டி, இன்று மட்டும் இந்த விலை என்று ஆரம்பித்தார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. நான் அந்த ரீஸ்லிங் ஒன்றே ஒன்று வாங்கினேன், 89 வெள்ளி. இப்போது குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் கறிவேப்பிலைக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது. வீட்டுக்காரர் தினமும் அதைத் தூக்கி நிமிர்த்தி வைக்கிறார்.